வலியா, வேஷமா?

மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஆசிரியர்களைப் பத்தி, கோயிலைப் பத்தி, மடத்தைப் பத்தி எல்லாம் கட்டுரை வந்தாச்சு. விளையாட்டுக்குத்தான் நாலு பக்கம் காலியா கிடக்கு. விடுதியில உங்களுக்குத்தானே வாய் ஜாஸ்தி, எழுதிக் கொடுங்க" என்றார். வாய் ஜாஸ்தி என்பது உண்மைதான். திருப்பனந்தாளில் படித்த காலத்தில், விளக்கை அணைக்கச் சொல்லிக் காப்பாளர் மூன்று முறை வந்து போன பிறகும் விடுதி வராந்தாவில் வழக்காடிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த வழக்குகளில் பல மறந்துவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் தீர்ப்பாகாமல் கிடக்கிறது. அதையே இந்த மலருக்கு எழுதுகிறேன்.

வழக்கு இதுதான். ஆட்டக்களத்தில் ஒருவன் விழுகிறான். வலி தாங்காமல் விழுந்தானா, வேஷம் போடுகிறானா? அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

வராந்தாவில் தொடங்கிய வழக்கு

1997-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள். நாடு விடுதலை பெற்ற 50-ஆவது ஆண்டையொட்டி நடந்த கோப்பைப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் சேப்பாக்கத்தில் மோதின. சென்னையில் அக்கினி நட்சத்திரக் காலம். பாகிஸ்தானின் தொடக்க ஆட்டக்காரர் சயீத் அன்வர் வெயிலில் தசைப்பிடிப்பால் தவித்தார். ரன்னர் கேட்டார், கிடைத்தது. ஷாகித் அப்ரிடி பக்கத்தில் நின்று ஓடிக் கொடுக்க, அன்வர் நின்ற இடத்திலிருந்தே விளாசினார். 146 பந்தில் 194 ரன். அதுவரை ஒருநாள் ஆட்டத்தில் யாரும் அடிக்காத எண்ணிக்கை. 1984-இல் விவியன் ரிச்சர்ட்ஸ் எடுத்திருந்த 189-ஐ அது தாண்டியது. ராகுல் திராவிட் தமது முதல் ஒருநாள் சதத்தை அன்று அடித்தும், இந்தியா 35 ரன்னில் தோற்றது.

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் வராந்தாவில் இதுதான் பேச்சு.

"ரன்னரை வச்சுக்கிட்டு அடிச்சா அது ஒரு ரெக்கார்டாடா? பாதி ஆட்டத்தை இன்னொருத்தன் காலு ஆடியிருக்கு!"

"நின்னுக்கிட்டு சிக்ஸர் அடிக்கத் தெரிஞ்சுது, ஓடத் தெரியலையா? நடிப்பு மாப்ளே, சுத்த நடிப்பு!"

"நடிப்புன்னா நடுவர் ஏன்டா கொடுத்தாரு? நம்ம ஆளுங்களும் சும்மாத்தானே இருந்தாங்க?"

அப்போதைய சட்டப்படி விஷயம் எளிது. ஆட்டம் தொடங்கிய பிறகு ஏற்பட்ட காயமோ நோயோதான் என்று நடுவருக்குத் திருப்தி ஏற்பட்டால் ரன்னர் தரலாம். ஆனால் அந்தத் திருப்தியை அவர் எங்கிருந்து பெறுவது? எலும்பு முறிந்தால் வீக்கம் தெரியும். தோல் கிழிந்தால் ரத்தம் தெரியும். தசைப்பிடிப்பு எதிலும் தெரியாது. வியர்வையில் உப்பும் தண்ணீரும் போவதும், தசை அளவுக்கு மீறிக் களைப்பதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. வந்தால் துடிக்க வைக்கும், நீவிவிட்டால் அடங்கும், கால்மணி கழித்து மறுபடி வரும். நம் பக்கத்தில் கதிர் அறுத்து வீடு திரும்பிய ஆளுக்கு ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அலறுகிறவர் அடுத்த நிமிடம் எழுந்து நடப்பார். அதை வைத்து அவர் அலறியது பொய் என்று சொல்ல முடியுமா?

நாங்கள் சொன்னோம். இருபது வயதில் எல்லாம் சொல்லலாம்.

சமையல்கட்டிலிருந்து வந்த சாட்சி

அப்போது விடுதிச் சமையல்கட்டில் இருந்த அண்ணன் ஒருவர், எங்கள் சத்தம் பொறுக்காமல் வந்து தூணில் சாய்ந்துகொண்டார். அவர் முன்பு திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸில் வேலை பார்த்தவர். மத்தியானப் பந்தி முடிந்ததும் சேப்பாக்கம் மதிலோரம் போய் நின்று உள்ளே எழும் கூச்சலைக் கேட்டு ஸ்கோரை ஊகித்தவர்.

"தம்பிங்களா, 86-ல ஒரு ஆஸ்திரேலியாக்காரன் வாந்தி எடுத்துக்கிட்டே எறநூறு அடிச்சான். அவன் கேப்டனே அவன நம்பல. அத முதல்ல பேசுங்க, அப்புறம் இதப் பேசலாம்" என்றார்.

அவர் சொன்னது 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை நடந்த டெஸ்ட். கிரிக்கெட் வரலாற்றில் சமனில் முடிந்த இரண்டாவது டெஸ்ட் என்று எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அதன் முடிவைத்தான். அதன் முதல் இரண்டு நாள்தான் நம் வழக்குக்குச் சாட்சி. டீன் ஜோன்ஸ் என்ற இளைஞர் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ரன் எடுத்தார். சென்னை வெக்கையில் உடம்பில் இருந்த நீரெல்லாம் வற்றிப்போய், ஆடுகளத்து ஓரத்திலேயே வாந்தி எடுத்தார், கைகால் இழுத்துக்கொண்டது. முடியவில்லை, வெளியே போகிறேன் என்று எதிர்முனையில் நின்ற அணித்தலைவர் ஆலன் பார்டரிடம் கெஞ்சினார். ஜோன்ஸ் விக்டோரியா மாநிலத்துக்காரர். பார்டரோ, இதைத் தாங்குவதற்குத் திடமான குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை வரவழைக்கிறேன் என்ற மாதிரி குத்திக்காட்டினார். ரோஷம் பொத்துக்கொண்டு ஜோன்ஸ் தொடர்ந்து ஆடினார். ஆட்டமிழந்த பிறகு அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

இதை வீரக்கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். ஜோன்ஸும் 2020 செப்டம்பரில் மும்பையில் காலமாகும் வரை பெருமையாகத்தான் சொல்லி வந்தார். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஒரே மைதானம், ஒரே வெக்கை. 1986-இல் விழுந்தவரைச் சொந்த அணித்தலைவரே சந்தேகப்பட்டார். 1997-இல் விழுந்தவரை எதிரணி நாட்டின் விடுதிப் பையன்கள் சந்தேகப்பட்டார்கள். முதலாமவர் தம் வலியை நிரூபிக்க உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு சந்தேகம் எங்கிருந்து வந்தது? சும்மா வரவில்லை. உலகம் முழுக்க நடித்தவர்கள் இருந்தார்கள்.

பிளேடும் குப்பியும்

1989 செப்டம்பர் 3. பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. பிரேசில் 1-0 என்று முன்னிலை. சிலி நாட்டுக் கோல்காப்பாளர் ரொபர்ட்டோ ரோகாஸ் அருகே பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு தீப்பந்து வந்து விழுந்தது. புகைக்கு நடுவே ரோகாஸ் நெற்றியில் ரத்தத்தோடு கிடந்தார். ஆட்டத்துக்குப் பாதுகாப்பில்லை என்று சிலி அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. பிரேசில் தண்டிக்கப்படப் போகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். புகைப்படங்கள் வந்து சேர்ந்தபோதுதான் தீப்பந்து அவர் மேல் படவே இல்லை என்று தெரிந்தது. கையுறைக்குள் பிளேடு மறைத்து வைத்திருந்து, தம் நெற்றியைத் தாமே கீறிக்கொண்டிருக்கிறார்! அவருக்கு வாழ்நாள் தடை. சிலி நாட்டுக்கு 1994 உலகக் கோப்பைக்கான கதவே சாத்தப்பட்டது. 2001-இல் மன்னிப்புக் கிடைத்தது; விளையாடும் வயதோ போய்விட்டது.

ரக்பி ஆட்டத்தில் நடந்தது இன்னும் கேவலம். 2009 ஏப்ரல் 12, லண்டனில் ஹார்லிக்வின்ஸ் அணிக்கும் அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் அணிக்கும் ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதி. வெளியே போன ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே வர வேண்டுமானால், உள்ளே இருப்பவர் ஒருவருக்கு ரத்தக் காயம் பட்டிருக்க வேண்டும் என்பது விதி. உதைத்துப் புள்ளி எடுக்கிற ஆட்டக்காரரை உள்ளே கொண்டுவருவதற்காக, டாம் வில்லியம்ஸ் என்பவர் சாய ரத்தக் குப்பியை வாயில் கடித்துத் துப்பினார். எதிரணிக்குச் சந்தேகம் வந்தது. உடனே, பொய்யை மறைப்பதற்காக ஓய்வறையில் மருத்துவரைக் கொண்டே உதட்டை நிஜமாக வெட்டிக்கொண்டார். பயிற்சியாளர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது. இவ்வளவும் செய்து ஹார்லிக்வின்ஸ் அந்த ஆட்டத்தில் 5-6 என்று தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2002 உலகக் கோப்பையில் ரிவால்டோ செய்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் நேராகப் பார்த்தோம். துருக்கி ஆட்டக்காரர் உதைத்த பந்து அவர் காலில் பட்டது. அவரோ முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தார். துருக்கிக்காரருக்குச் சிவப்பு அட்டை. பிறகு ரிவால்டோவுக்கு அபராதம் விதித்தார்கள். ஆனால் சிவப்பு அட்டை வாங்கியவர் வாங்கியதுதான். நடுவரை ஏமாற்ற நடிப்பவனுக்கு மஞ்சள் அட்டை என்ற விதி அதற்கு முன்பே கால்பந்தில் இருந்தது. இருந்தும் என்ன பயன்? நடுவர் கண்ணுக்குத் தெரிந்தால்தானே விதி வேலை செய்யும்.

நம் ஆட்கள் செய்தால் சாமர்த்தியமா?

வெளிநாட்டுக்காரனைத் திட்டுவது சுலபம். நம் வீட்டுக்கும் வருவோம்.

2023 மே 23, மறுபடியும் சேப்பாக்கம். ஐ.பி.எல். தகுதிச் சுற்றில் சென்னையும் குஜராத்தும். சென்னையின் பத்திரானா சில நிமிடங்கள் களத்தை விட்டு வெளியே போயிருந்தார். எவ்வளவு நேரம் வெளியே இருந்தாரோ அவ்வளவு நேரம் உள்ளே நின்ற பிறகே பந்து வீசலாம் என்பது விதி. அந்தக் கெடு முடியவில்லை என்று நடுவர்கள் தடுத்தார்கள். தோனி சத்தம் போடவில்லை. நடுவர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். ஏறத்தாழ நான்கு நிமிடம் பேச்சு நடந்தது. பேசி முடிக்கிற நேரத்தில் கெடுவும் முடிந்தது! பத்திரானா பந்து வீசினார். சென்னை 15 ரன்னில் வென்றது. மறுநாள் டீக்கடையில் "தலை தலைதான்யா" என்று கொண்டாடியவர்களில் நானும் உண்டு. இதையே எதிரணித் தலைவர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

2024 ஜூனில் டி-20 உலகக் கோப்பை. மேற்கிந்தியத் தீவில் ஆப்கானிஸ்தானும் வங்கதேசமும் ஆடின. மழை வருகிறது, அந்த நேரத்தில் மழைக்கணக்குப்படி ஆப்கன் இரண்டே ரன் முன்னிலை. அவர்களின் பயிற்சியாளர் ஜோனத்தன் டிராட், கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து சைகை காட்டினார். அடுத்த கணம், ஸ்லிப்பில் நின்ற குல்பதின் நைப் தொடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிறகு அவரே வந்து பந்து வீசி ஒரு விக்கெட்டும் எடுத்தார். வெற்றிக் கொண்டாட்டத்தில் ஓட்டமாய் ஓடினார். நம் அசுவின், அவருக்குச் சிவப்பு அட்டை கொடுக்கலாம் என்று வேடிக்கையாக எழுதினார். கதாகாலட்சேபத்தில் கேட்டிருப்பீர்கள்: கதைப் போரில் கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுவான், பீமன் புரிந்துகொள்வான். சைகை காட்டுகிற பயிற்சியாளர் நமக்குப் புதியவர் இல்லை. நைப்புக்கு வலித்ததா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

சில நாள் கழித்து, ஜூன் 29-இல், இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும். அவர்கள் கை ஓங்கியிருந்த நேரம். நம் விக்கெட் காப்பாளர் ரிஷப் பந்த் முழங்காலுக்குக் கட்டுப்போட வேண்டும் என்று ஆளை வரவழைத்தார். ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கியதும் கிளாசன் ஆட்டமிழந்தார். இந்தியா 7 ரன்னில் கோப்பையை வென்றது. பந்த் மூளையைப் பயன்படுத்தி எதிரணியின் வேகத்தைக் குலைத்தார் என்று ரோகித் சர்மாவே பிறகு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சிரித்துக்கொண்டு சொன்னார். அப்படியானால் நடிப்பா? அவசரப்படாதீர்கள். 2022 டிசம்பர் கடைசியில் கார் விபத்தில் அந்த மனிதரின் வலது முழங்கால் தசைநார்கள் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து, ஓராண்டுக்கு மேல் ஆடாமல் இருந்து வந்தவர் அவர். முழங்கால் நிஜம். நேரம் பார்த்ததும் நிஜம். வலியும் வேஷமும் ஒரே காலில் இருக்க முடியும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

காயமே இல்லாத சதுரங்கத்தில்கூட இது உண்டு. 1995-இல் நியூயார்க்கில் நம் ஆனந்தோடு உலகப் பட்டத்துக்கு ஆடியபோது, காஸ்பரோவ் மேசையை விட்டு எழுந்து போகும்போதெல்லாம் கதவை ஓங்கிச் சாத்தினார் என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. எதிராளியின் கவனத்தை உடைக்க வலியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம், ஒரு கதவு போதும்.

சலுகை பறிபோன கதை

இனி வழக்கின் மையத்துக்கு வருகிறேன். நடிப்பைக் கண்டுபிடிக்க முடியாதபோது விதி எழுதுகிறவர்கள் என்ன செய்வார்கள்? சலுகையையே எடுத்துவிடுவார்கள்.

2009 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் கிரேம் ஸ்மித் 141 ரன் எடுத்து ஆடிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் தசைப்பிடிப்பு. ரன்னர் கேட்டார். தசைப்பிடிப்பு காயம் ஆகாது, உடம்பைத் தயார் செய்யாத குறை என்று இங்கிலாந்துத் தலைவர் ஆண்ட்ரூ ஸ்டிராஸ் எதிர்ப்புத் தெரிவித்தார். ரன்னர் மறுக்கப்பட்டது, தென்னாப்பிரிக்கா 22 ரன்னில் தோற்றது. எங்கள் வராந்தா வழக்கை ஸ்டிராஸ் அப்படியே ஆங்கிலத்தில் வாதாடியது போல இருந்தது!

அதன் பிறகு 2011 அக்டோபர் 1 முதல் சர்வதேச ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ரன்னரே கிடையாது என்று ஐ.சி.சி. ஒரே வெட்டாக வெட்டிவிட்டது. சலுகை தவறாகப் பயன்படுகிறது என்ற புகார்தான் காரணம். எம்.சி.சி. சட்டப்புத்தகத்தில் அந்த விதி இன்னும் இருக்கிறது. நம் கல்லூரித் திடலில் அடிபட்ட பையனுக்கு ரன்னர் வைத்துக்கொள்ளலாம். உலக அரங்கில் ஆடுகிறவருக்குத்தான் இல்லை. டென்னிசிலும் இப்படித்தான். காயத்துக்கு மூன்று நிமிடச் சிகிச்சை இடைவேளை உண்டு. தசைப்பிடிப்புக்கு மட்டும் அது இல்லை. பக்கம் மாறும்போது கிடைக்கிற நேரத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொய் சொன்னவர்களை அடக்க இது நல்ல வழிதானே என்பீர்கள். அதன் விலையைப் பாருங்கள். 2025 ஜூலை 23, மான்செஸ்டர். கிறிஸ் வோக்ஸ் வீசிய பந்து பட்டு ரிஷப் பந்தின் பாதத்து எலும்பு முறிந்தது. முழங்காலுக்குக் கட்டுப்போட்டு நேரம் கடத்தினார் என்று பெயர் வாங்கிய அதே பந்த்! ரன்னர் இல்லை, பதிலுக்கு ஆட ஆளும் கிடையாது. மறுநாள் நொண்டிக்கொண்டே படியிறங்கி வந்து 54 வரை ஆடினார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 4-இல், ஓவல் மைதானத்தில் அதே வோக்ஸ், தோள் மூட்டு விலகிய கையைத் தூளிபோல் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக இறங்கினார். எதிர்முனைக்கு ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தியா 6 ரன்னில் வென்றது.

உடனே பழைய விவாதம் புதிதாகக் கிளம்பியது. கடுங்காயத்துக்கு மாற்று ஆள் தர வேண்டும் என்றார் நம் பயிற்சியாளர் கம்பீர். அதில் ஓட்டை கண்டுபிடித்து எல்லோரும் புகுந்துவிடுவார்கள் என்றார் இங்கிலாந்துத் தலைவர் பென் ஸ்டோக்ஸ். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஸ்டோக்ஸின் பயத்துக்கு ஆதாரம் ரோகாஸிலிருந்து ஹார்லிக்வின்ஸ் வரை கிடக்கிறது. கம்பீரின் கோரிக்கைக்கு ஆதாரம் நொண்டிக்கொண்டு படியிறங்கி வந்தது.

தலைக்காயம் ஒன்றில் மட்டும் கிரிக்கெட் கருணை பக்கம் சாய்ந்தது. 2014 நவம்பரில் சிட்னியில் பந்து பட்டு பிலிப் ஹியூஸ் இறந்தது எல்லோரையும் உலுக்கியது. 2019 ஆகஸ்டிலிருந்து தலையில் அடிபட்டவருக்குப் பதில் அவரைப் போன்ற இன்னொருவர் ஆடலாம். அதிலும் வழக்கு வந்தது. 2020 டிசம்பர் 4, கான்பெரா. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனின் முதல் சர்வதேச டி-20 ஆட்டம். கடைசி ஓவரில் ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவர் தொடர்ந்து ஆடினார், 44 எடுத்தார். பிறகு அவருக்குப் பதிலாகச் சாகல் வந்து மூன்று விக்கெட் சாய்த்து ஆட்ட நாயகனானார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லாங்கர் கொதித்தார். அடிபட்ட பிறகும் ஆடியவருக்கு என்ன காயம் என்று கேட்டார்கள். ஆனால் தலைக்காயம் அப்படித்தான்; அறிகுறிகள் மணிக்கணக்கில் தாமதமாக வரலாம். எத்தனை பேர் ஏமாற்றினாலும் பரவாயில்லை, ஒரு ஹியூஸ் போகக்கூடாது என்று அங்கே மட்டும் முடிவு செய்தார்கள்.

நம் திடல்

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் ஆட்டம் சடுகுடு. தை அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, தாளெல்லாம் மிதிபட்டு மண் இறுகியதும் மண்ணியாற்றுப் பக்கம் கோடு கிழித்து ஆடியவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இந்த ஆட்டத்தில் ஒரு அழகு உண்டு. பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் பாட வேண்டும். மூச்சு எல்லோர் காதிலும் விழுகிறது. வலியை நடிக்கலாம், மூச்சை அவ்வளவு சுலபமாக நடிக்க முடியாது. நம் முன்னோர் நடுவரின் கண்ணை மட்டும் நம்பாமல் காதையும் துணைக்கு வைத்தார்கள்.

அதற்காக நம்மவர்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. முன்னிலையில் இருக்கும்போது டவுசர் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவது, கண்ணில் மண் விழுந்ததாகக் கசக்குவது, "தண்ணி... தண்ணி..." என்று சாய்வது, இதெல்லாம் நானே செய்திருக்கிறேன். செய்தவனுக்குத்தான் அடுத்தவன் மேல் சந்தேகம் சீக்கிரம் வரும்.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது கல்லூரிகளுக்கு இடையிலான கபடி ஆட்டம் நடந்தது. வந்த அணி ஒரு புள்ளி முன்னிலை. முடிய ஓரிரு நிமிடம். அவர்களில் மெலிந்த பையன் ஒருவன், நாங்கள் அமுக்கியதும் விழுந்து எழவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு முனகினான். "நேரம் கடத்துறான்! நடிக்கிறான்! தூக்கிப் போடுங்கடா வெளிய!" என்று முதலில் கத்தியது நான். திடலே சேர்ந்து கத்தியது. அந்தச் சத்தத்தில் அவனுக்கே வெட்கமாகிவிட்டது போலும். எழுந்து நின்று ஆடப் பார்த்தான், மறுபடி விழுந்தான். கும்பகோணத்துக்கு வேனில் கொண்டுபோனார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது என்று மறுநாள் செய்தி வந்தது.

அவன் எழுந்து நிற்க முயன்றதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. ஜோன்ஸை எழுந்து நிற்க வைத்தது பார்டரின் ஒரு வார்த்தை. இந்தப் பையனை எழுந்து நிற்க வைத்தது என் வாய். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அன்று அவன் படுத்தே கிடந்திருக்கலாம். எலும்பு இன்னும் மோசமாகாமல் இருந்திருக்கும். நாடாவை அவிழ்த்துக் கட்டிய எங்களைப் போன்றவர்கள் சேர்த்து வைத்த சந்தேகம் அவன் தோள் மேல் விழுந்தது. நடிக்கிறவன் அப்போதைக்கு ஏமாற்றுவது நடுவரை. கடன் அடைப்பதோ அடுத்து நிஜமாக விழப்போகிற ஒருவன்.

சாய்ந்ததும் நிமிர்ந்ததும்

நம் ஊர்க் கதையை நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். தாடகை என்ற பெண் இரண்டு கையிலும் மாலையை ஏந்தி நிற்கிறாள். சேலை நழுவுகிறது. முழங்கையால் இடுக்கிக்கொண்டு தவிக்கிறாள். மாலை சாத்தக் கை எட்டவில்லை. செஞ்சடையப்பர் அவளுக்காகத் தலை சாய்த்தார். அவள் நிஜமாகவே தவிக்கிறாளா என்று சுவாமி சாட்சி கேட்கவில்லை. பிறகு சோழ மன்னன் யானை, சேனை எல்லாம் கட்டி இழுத்தும் நிமிராத லிங்கம், திருக்கடவூரிலிருந்து வந்த குங்கிலியக் கலயர் தம் கழுத்திலேயே கயிற்றைக் கட்டி இழுத்தபோது நிமிர்ந்தது என்று சேக்கிழார் பாடுகிறார்.

எனக்கு இதில் இரண்டு செய்தி தெரிகிறது. தவிக்கிறவருக்காக விதி கொஞ்சம் சாயத்தான் வேண்டும். ரன்னரும், சிகிச்சை இடைவேளையும், மாற்று ஆளும் அப்படிச் சாய்ந்த விதிகள். சாய்ந்ததை நிமிர்த்துவது யானைப் பலத்தால் நடக்காது. தடையும் அபராதமும் கேமராவும் யானைகள். ஆடுகிறவன் தன் கழுத்தில் தானே கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கயிறு சில நேரம் தென்படுகிறது. 1980 பிப்ரவரியில் மும்பையில் நடந்த பொன்விழா டெஸ்டில், நடுவர் அவுட் கொடுத்த பிறகும், பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்து இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்ப அழைத்தார் அணித்தலைவர் குண்டப்பா விசுவநாத். டெய்லர் நின்று ஆடினார், இந்தியா தோற்றது. அந்தத் தோல்வியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அழைத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

அன்வர் வழக்குக்கும் ஒரு முடிவுரை சொல்லிவிடுகிறேன். அன்றைய இந்திய அணித்தலைவர் சச்சின். அன்வரை 194-இல் வீழ்த்திய பந்தை வீசியதும் அவரே. 2010 பிப்ரவரி 24-இல் குவாலியரில், 36 வயதில், தம் சொந்தக் காலிலேயே ஓடி 200 அடித்து அந்த எண்ணைத் தாண்டினார். நடிப்பு என்று கத்துவதைவிட அது நல்ல பதில்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். யாராவது திடலில் விழுந்தால், முதலில் அவன் வலியை நம்புங்கள். நம்பி ஏமாந்தால் ஒரு புள்ளி போகும். ஒரு கோப்பைகூடப் போகலாம். நம்பாமல் ஏமாந்தால் என்ன போகும் என்பதை நான் முப்பது வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் விழுந்தால் நிஜமாக மட்டும் விழுங்கள்.

பெயர் தெரியாத அந்த மெலிந்த தம்பி எங்கே இருந்தாலும், காலம் கடந்த இந்த மன்னிப்பு அவருக்கு. இந்த மலர் கை மாறிக் கை மாறி என்றைக்காவது அவர் கண்ணில் பட்டால், நம் பழைய மாணவர் கூட்டத்துக்கு ஒரு முறை வரட்டும். வராந்தாவில் உட்கார்ந்து வழக்கை முடித்துக்கொள்வோம்.